பழைய கார் எடுக்கும் முன் இன்ஜினில் என்ன பார்க்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வடசேரிக்காரன்:
போன்ல பேசும்போதே "நான் வாறது வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிருங்க. போனதும் முதல்ல பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா மறுநாள் காலைல வாறேன்னு திரும்பிருங்க. தேய்ஞ்ச இன்ஜின் தன் குறையைக் காட்டுறது ஆறிக் கிடந்து எழும்புற முதல் பத்து செகண்ட்லதான். சூடாயிட்டா நல்ல பிள்ளை மாதிரி நிக்கும்.

டீசல்ல ஆயில் கறுப்பா இருக்கது குறையே இல்ல. மாத்தி 500 கிலோமீட்டர் ஓடினாலே கறுத்துரும். தார் மாதிரி விரல்ல இழுபட்டாத்தான் பயப்படணும். தேன் நிறத்துல புத்தம்புதுசா இருந்தாலும் ஒரு சந்தேகம் வேணும். கெட்டி ஆயில் ஊத்தி சத்தத்தையும் புகையையும் அமுக்கியிருக்கலாம்.

ஆயில் ஊத்துற மூடியில பால்காப்பி நிறத்துல பசை இருந்தா உடனே ஓட வேண்டாம். நம்ம மழைக்காலத்துல டவுனுக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடுற வண்டியில ஈரம் தங்கி அப்படி வரும். டிப்ஸ்டிக்லயும் (ஆயில் அளவு பாக்குற குச்சி) அதே நிறம்னா பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினோட தலைக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்க சீல்) போயிருக்கு. ஸ்டார்ட் பண்ண ஒரு நிமிஷத்துக்குள்ள ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினாலும் அதேதான். எரியுற வாயு கூலன்ட்டுக்குள்ள (இன்ஜினைக் குளிர வைக்குற தண்ணிக்குள்ள) போகுது.

புகை: காலைல ஒரே ஒரு தடவை நீலப்புகை வந்து நின்னா வால்வு சீல், சமாளிச்சிரலாம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நீலம் வந்தா பிஸ்டன் ரிங் தேய்மானம், இன்ஜின் இறக்கணும். வெள்ளைப்புகை சூடானதும் மறைஞ்சா வெறும் நீராவி. மறையாம இனிப்பு வாசம் அடிச்சா கூலன்ட் எரியுது.

மார்த்தாண்டம் டீசல்:
டீசலுக்கு மூடி சோதனையை விட்டுராதீங்க. ஐடிலிங்ல (ஆக்சிலேட்டர் மிதிக்காம நின்னு ஓடும்போது) ஆயில் மூடியைத் திருகிக் கழட்டி, அந்த வாயிலேயே கவுத்து வையுங்க. லேசா ஆடினா சரி. துள்ளிக் கீழ விழுந்து, ரயில் மாதிரி குபுகுபுன்னு புகை தள்ளினா ரிங்கைத் தாண்டி அழுத்தம் கீழ இறங்குதுன்னு அர்த்தம். சில பெட்ரோல் இன்ஜின்ல மூடியை உள்பக்கமா இழுக்கும், ஐடிலிங்கும் தடுமாறும். அது குறை இல்ல.

ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டால வாற 1.3 லிட்டர் ஃபியட் டீசல்னா காதைக் கூர்மையாக்குங்க. ஆறின ஸ்டார்ட்ல டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்குறது) ரெண்டு மூணு செகண்ட் கலகலன்னா பொறுத்துக்கிடலாம். அதுக்கு மேலயும் நீண்டா செயினோ அதை இறுக்கிப் பிடிக்குற டென்ஷனரோ போச்சு. டென்ஷனர் ஆயில் அழுத்தத்துல வேலை செய்யுது; நேரத்துக்கு ஆயில் மாத்தாத வண்டியிலதான் இந்தச் சீக்கு வரும். பழைய சான்ட்ரோ, 1.1 ஐ10 எல்லாம் செயினுக்குப் பதிலா டைமிங் பெல்ட். மாத்தின பில் இல்லன்னா மாத்தாததாகவே கணக்கு வச்சு விலை பேசுங்க.

குளச்சல் கரை:
மேல சொன்னது எல்லாம் சரி. மணவாளக்குறிச்சி, முட்டம் மாதிரி கடலோரம் நின்ன வண்டின்னா ரேடியேட்டர் ஃபின்னை (மெல்லிசான தகடுகளை) விரலால தடவிப் பாருங்க. உப்புக்காத்துல பொடியா உதிரும். ஃபின் போனா சூடு இறங்காது, அடுத்து ஹெட் கேஸ்கெட்தான். தகரத்துல செஞ்ச ஆயில் சம்ப்பையும் (இன்ஜினுக்கு அடியில ஆயில் நிக்குற தட்டு) டார்ச் அடிச்சுப் பாக்கணும். துரு மேல புதுசா கறுப்புப் பெயின்ட் அடிச்சிருந்தா ஸ்க்ரூடிரைவர் முனையால தட்டினாலே கதை தெரியும்.

களியக்காவிளை:
2018 ஆகஸ்ட்ல கேரளாவுலயும் 2021 நவம்பர்ல நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துலயும் வெள்ளத்துல நின்ன வண்டிகள் இன்னும் கைமாறிக்கிட்டு இருக்கு. ஓடும்போது தண்ணி இழுத்த இன்ஜின்ல கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்குற தண்டு) லேசா வளையும், ஆனாலும் ஓடும். பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாததால அந்த ஒரு சிலிண்டர்ல மட்டும் கம்ப்ரஷன் (உள்ள அமுங்குற காத்தோட அழுத்தம்) குறையும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க, கழுவாத சேறு அங்கதான் ஒளிஞ்சிருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியோட அடி மூலையிலயும் பாருங்க.

வடசேரிக்காரன்:
கம்ப்ரஷன் பேச்சு வந்ததால அளக்குற முறையைச் சொல்லிருதேன். இன்ஜின் சூடாகணும், ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டி, ஒவ்வொரு ஓட்டையிலயா அழுத்தம் அளக்குற கேஜை மாட்டணும், பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டிக்கணும், ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட்டரால ஆறு சுத்து சுத்த விடணும். பெட்ரோலுக்குப் பொதுவா 150 முதல் 200 பிஎஸ்ஐ. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10, 15 சதவீதம் தாண்டக்கூடாது. குறைஞ்சதுல ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. அளவு ஏறினா ரிங். ஏறலைன்னா வால்வு, கேஸ்கெட், இல்லாட்டி மேல சொன்ன ராடு. டீசலுக்கு கேஜே வேற, பெட்ரோல் கேஜை அதுல மாட்டிராதீங்க.

சாவி போட்டதும் செக் இன்ஜின் லைட் எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லன்னா அதை யாரோ கழட்டி வச்சிருக்காவ.

மார்த்தாண்டம் டீசல்:
ஓட்டிப் பாக்க நாலுவழிச்சாலை போதாது. குலசேகரம், பேச்சிப்பாறை ஏத்தத்துல மூணாவது கியர்ல இழுங்க, டெம்பரேச்சர் முள்ளையும் கண்ணாடில புகையையும் பாத்துக்கிடுங்க. திரும்பி வந்து ஏசி போட்டு பத்து நிமிஷம் ஐடிலிங். அப்புறம் அணைச்சு, அடியில பழைய பேப்பரை விரிச்சுட்டு விலை பேசுங்க. தெளிஞ்ச தண்ணி சொட்டினா ஏசி, பழுப்போ கறுப்போன்னா ஆயில், பச்சையோ ரோஸோ சொட்டினா கூலன்ட்.