கீழத்தெரு வீட்டுக் குழுவில் புகையான் பேச்சு

வியாழன், மாலை

பெரியப்பா: (படம்)

பெரியப்பா: (படம்)

பெரியப்பா: வாய்க்காலோரம் மூன்று மா நிலத்து நெல்லில் புகையான் பூச்சி. இரண்டு இடத்தில் வட்டமாகக் காய்ந்துவிட்டது. கடைக்காரர் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்கிறார். ஸ்பிரேயர் ஆள் நாளைக் காலை வருகிறான். குமார், பணம் போட்டுவிடு.

சித்தப்பா: போடுகிறேன் அண்ணே

சித்தப்பா: எவ்வளவு

அமுதாக்கா: அப்பா, காதுகுத்துக்கு மண்டபம் பேசினீர்களா? தை பிறந்தால் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது

பெரியப்பா: பயிரைப் பார்க்கிறேன் அம்மா

செல்வி அத்தை: அண்ணே, அந்த மருந்துப் புட்டிகளைப் படம் எடுத்துப் போடுங்கள்

பெரியப்பா: (படம்)

செல்வி அத்தை: ஒன்று செயற்கைப் பைரித்ராய்டு. புகையானுக்கு அதை அடிக்கவே கூடாது. இன்னொன்று இமிடாகுளோபிரிட். மூன்று வருஷமாக அதையேதானே அடிக்கிறீர்கள்? பொறுங்கள், எழுதுகிறேன்.

பெரியப்பா: கடைக்காரர் பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது, அதனால் டோஸ் கூட்டு என்கிறார்

முரளி அண்ணன்: அத்தை எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்

நான்: காத்திருக்கிறோம் அத்தை

செல்வி அத்தை: பூச்சி பழகவில்லை அண்ணே. இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாத் தப்பும் தொடங்குகிறது. கசப்புக்கு நாக்கு பழகுவது போல எந்தப் புகையானும் விஷத்துக்குப் பழகாது. ஒரு குத்தில் இருக்கிற நூறு பூச்சியும் ஒரே அச்சில் வார்த்தவை இல்லை. நஞ்சை உடைக்கிற நொதி எல்லாவற்றின் உடம்பிலும் உண்டு, சிலவற்றில் அது அதிகம். மருந்து அடிக்கும்போது சாதாரணப் பூச்சி சாகிறது, அந்தச் சில தப்புகின்றன. அடுத்த தலைமுறைக்கு முட்டை போட மிச்சம் இருப்பது அவைதான். ஒரு பெண் பூச்சி 200, 300 முட்டை இடும். ஒரு தலைமுறைக்கு 25 முதல் 30 நாள் போதும். நடவிலிருந்து அறுப்புக்குள் மூன்று, நான்கு தலைமுறை. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் நாமே சலித்து, தாங்குகிற பூச்சியாகப் பார்த்துப் பொறுக்கி விதைக்கிறோம். இமிடாகுளோபிரிடை ஆசியா முழுக்க நெல்லுக்கு அடித்தார்கள். 2003 முதலே அது பல நாடுகளில் புகையானிடம் தோற்க ஆரம்பித்தது. அப்படித் தப்பிய பூச்சிகளில் அந்த நொதிக்கான மரபணு ஒன்று இரண்டாகி, அதில் ஒரு பிரதி மாறியிருப்பதையும் பிறகு கண்டுபிடித்தார்கள்.

சித்தப்பா: அக்கா சுருக்கமாக. அடிக்கலாமா வேண்டாமா

செல்வி அத்தை: நாளைக்கு அடிக்க வேண்டாம். முதலில் எண்ண வேண்டும்.

சித்தப்பா: எண்ணி முடிப்பதற்குள் பயிர் போய்விடும்

செல்வி அத்தை: நடு அண்ணன் இருந்த கடைசிச் சம்பாவிலும் இதையேதான் சொன்னாய் குமார். நான்கு முறை அடித்தீர்கள். என்ன மிஞ்சியது?

சித்தப்பா: அதை ஏன் இப்போது இழுக்கிறாய்

நான்: அப்பா அன்று இரவு முழுக்க வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். நான்தான் சாப்பாடு கொண்டுபோனேன். தொடவில்லை.

அமுதாக்கா: ம்

பெரியப்பா: அந்த வருஷம் சரியாகத்தான் அடித்தோம் செல்வி. ஆனால் அடிக்க அடிக்கக் கூடியது. அது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

செல்வி அத்தை: அதற்கும் காரணம் இருக்கிறது அண்ணே. புகையான் முட்டையை இலை உறைக்குள்ளே செருகி வைக்கும், மருந்து அங்கே போகாது. ஓநாய்ச் சிலந்தி வெளியே திரிகிறது. முட்டையைக் குடிக்கிற மிரிட் நாவாய்ப்பூச்சியும் வெளியேதான் இருக்கிறது. முதல் அடியில் அவைதான் சாகும். பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சு வரும்போது தின்ன ஆளே இல்லை. பைரித்ராய்டு அடித்த வயலில் பெரும்பாலும் இது நடக்கும். இந்தோனேசியாவில் இப்படியே பட்டு, 1986ல் 57 பூச்சி மருந்துகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று அரசே தடை போட்டது.

செல்வி அத்தை: அன்றைக்கே சொல்ல வந்தேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வயல் விவகாரம் எதற்கு என்றீர்கள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

(ஏழு நிமிடம் யாரும் எதுவும் போடவில்லை)

முரளி அண்ணன்: எதிர்ப்பு ரகம் போட்டால் என்ன? இங்கே கூட வேலை செய்கிற ஆந்திராக்காரர் அதைத்தான் சொல்கிறார். நாம் பி.பி.டி. நெல் போடுவதால்தான் இவ்வளவு வருகிறதாம்

செல்வி அத்தை: அவர் சொல்வது சரி, பி.பி.டி.க்குப் புகையான் சீக்கிரம் வரும். எதிர்ப்பு ரகம் நல்லதுதான். ஆனால் ஊர் முழுக்க ஒரே ரகம் போட்டால் அதுவும் மருந்து மாதிரியே ஆகிவிடும். பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1973ல் ஐ.ஆர்.26 ரகம் வந்தது. அதன் பெற்றோரில் ஒன்று நம் திரூர்குப்பத்து டி.கே.எம்.6. புகையான் தொடாது என்று லட்சக்கணக்கான ஏக்கரில் போட்டார்கள். மூன்று, நான்கு வருஷத்துக்குள் அதையும் தின்கிற பூச்சி பெருகிவிட்டது. அப்புறம் 1976ல் வேறு எதிர்ப்பு மரபணுவோடு ஐ.ஆர்.36. பிறகு அதையும் தின்கிற பூச்சி. பூச்சி இன்றைக்கு எந்த மரபணுவைத் தாண்டும் என்று சோதிக்க உலகம் முழுக்க வைத்திருக்கிற நெல்லில் நம் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி.7, பட்டாம்பி பி.டி.பி.33, இலங்கையின் ரத்து ஹீனட்டி எல்லாம் உண்டு. நம் பாட்டன் பூட்டன் வைத்திருந்த நெல்.

சித்தப்பா: அப்போது எது செய்தாலும் பூச்சி ஜெயிக்கும் என்கிறாய்

செல்வி அத்தை: இல்லை. ஒரே ஆயுதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தால் ஜெயிக்கும்.

அமுதாக்கா: அத்தை, பெரியவனுக்கு மத்தியப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில் பரிணாமமே இல்லையாம். டீச்சர் மரபுவழியோடு நிறுத்திவிட்டாராம்

செல்வி அத்தை: 2023ல் எடுத்துவிட்டார்கள். சேர்க்கச் சொல்லி விஞ்ஞானிகளும் ஆசிரியர்களுமாக 1,800 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். பத்தாவதோடு அறிவியலை விட்டு வேறு குரூப் எடுக்கிற பிள்ளை இதை வாழ்நாளில் படிக்கவே மாட்டான். எனக்கு அது ஆறவே இல்லை. முப்பது வருஷம் நடத்திய பாடம்.

சித்தப்பா: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்பதுதானே. அதைப் படிக்காவிட்டால் என்ன ஆகிவிடும்

செல்வி அத்தை: குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை குமார், பங்காளி. ஒரே மூதாதையின் இரண்டு கிளை. அதைப் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்றால், "பூச்சி பழகிவிட்டது, டோஸ் கூட்டு" என்று ஒருவர் சொல்வார், நாமும் கூட்டுவோம். அதுதான் ஆகும்.

முரளி அண்ணன்: பங்காளி 👏

பெரியப்பா: செல்வி, ஒன்று கேட்கிறேன். குதிரைவாலிப் புல் இருக்கிறதே, நாற்றோடு நாற்றாக நிற்கும். கதிர் வாங்குகிற வரை நெல் என்றே தோன்றும். அதுவும் இப்படித்தானா?

செல்வி அத்தை: அதேதான் அண்ணே! எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள்

செல்வி அத்தை: அம்மா களை பறிக்கும்போது என்ன சொல்வாள்? "நாக்கு இருந்தால் நெல்லு, நாக்கு இல்லாவிட்டால் புல்லு." இலை தண்டைப் பிடிக்கிற இடத்தில் நெல்லுக்குச் சின்னச் சவ்வு இருக்கும், குதிரைவாலிக்கு இருக்காது. அம்மா குனிந்து பிரித்துப் பார்ப்பாள். எல்லோரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். படர்ந்து, தண்டு சிவந்து, வேறு மாதிரித் தெரிகிற புல்லை முதலில் பிடுங்குவார்கள். நெல் மாதிரி நிமிர்ந்து, பச்சையாக நிற்கிற புல் தப்பும், விதை போடும். இப்படித் தலைமுறை தலைமுறையாகப் பறித்த கைதான் அந்தப் புல்லை நெல் மாதிரி ஆக்கியது. புல் ஒளியக் கற்றுக்கொள்ளவில்லை. சீனாவில் யாங்சி ஆற்றுப் பக்கத்து வயல்களில் மரபணுவைப் பார்த்து, இந்த வேஷம் வந்து ஏறக்குறைய ஆயிரம் வருஷம் ஆகிறது என்கிறார்கள்.

பெரியப்பா: ஆத்தா கை

பெரியப்பா: சரி. என்ன எண்ண வேண்டும், சொல்

செல்வி அத்தை: காலையில் இருபது குத்துப் பாருங்கள், வயலின் குறுக்கே நடந்து. மேலே பார்க்காதீர்கள், தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூரைப் பிரித்துப் பாருங்கள். குத்துக்குப் பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை, கிளைத்த தூர் எத்தனை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒன்றுதான் கணக்கு. தண்ணீரை வடித்துவிடுங்கள். யூரியா வேண்டாம்.

பெரியப்பா: தண்ணீர் பங்காளி மடை வழியாகத்தான் வடிய வேண்டும். அவனிடம் நான் பேச மாட்டேன்.

முரளி அண்ணன்: அப்பா

பெரியப்பா: மோட்டார் விஷயத்தில் அவன் பேசிய பேச்சு எனக்கு மறக்காது

செல்வி அத்தை: நான் பேசுகிறேன். அவர் மனைவி என்னோடு படித்தவள்.

அமுதாக்கா: முரளி, நீ தாய்மாமன். மடியில் வைத்துக் காது குத்த வேண்டியவன் நீதான். லீவு போட்டாயா இல்லையா?

முரளி அண்ணன்: கேட்டிருக்கிறேன் அக்கா

வெள்ளி, காலை

பெரியப்பா: இருபது குத்துப் பார்த்தேன். வாய்க்கால் ஓரம் குத்துக்கு இருபது, இருபத்தைந்து பூச்சி. நடுவயலில் ஐந்தாறு. சிலந்தி அநேகமாகக் குத்துக்கு ஒன்று இருக்கிறது. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை.

செல்வி அத்தை: தூர்?

பெரியப்பா: பதினெட்டு சராசரி

செல்வி அத்தை: அப்படியென்றால் 36 வரை பொறுக்கலாம். நடுவயலில் மருந்தே வேண்டாம் அண்ணே. காய்ந்த வட்டத்தின் ஓரத்தை மட்டும் தினம் பாருங்கள். அங்கே கூடினால் வேளாண் அலுவலரிடம் கேட்டு வேறு வகை மருந்து, தூரில் படுகிற மாதிரி, அந்த இடத்துக்கு மட்டும். எட்டடிக்கு ஓரடி பயிரைப் பிரித்து விடுங்கள், காற்றும் வெயிலும் அடியில் இறங்கும்.

சித்தப்பா: பணம் நேற்றே போட்டுவிட்டேன். திரும்ப வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே

சித்தப்பா: அக்கா, அந்த இந்தோனேசியா விஷயத்தை எனக்குத் தனியாக அனுப்பு

நான்: பெரியப்பா, ஞாயிறு நான் ஊருக்கு வருகிறேன். மறுபடி சேர்ந்து எண்ணலாம்

பெரியப்பா: வா அம்மா. உங்கப்பா வரப்பில்தான் சிலந்தி நிறைய இருக்கிறது

செல்வி அத்தை: மடை விஷயமாக இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மதியம் மறுபடி பார்க்கிறேன்

பெரியப்பா: ஸ்பிரேயர் ஆளைச் சனிக்கிழமைக்கு மாற்றியிருக்கிறேன். வேண்டாமென்றால் இன்று இரவுக்குள் சொல்ல வேண்டும். மழை வேறு கறுத்துக்கொண்டு வருகிறது.

அமுதாக்கா: அப்பா மண்டபம்

முரளி அண்ணன்: லீவு எட்டு நாள் கிடைக்கும் போலிருக்கிறது

அமுதாக்கா: போலிருக்கிறது என்றால்?