டென்வர் மாநாட்டை ஆன்லைனுக்குக் கொண்டுபோனது யார்?

கருந்துளை:
"2020 மார்ச்சில் அமெரிக்க இயற்பியல் கழகம் 36 மணி நேரத்தில் ஒரு மாநாட்டையே ஆன்லைனுக்கு மாற்றிக் காட்டியது" என்று நேற்று மணி எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கழகம் செய்தது கொரோனாவுக்காக ரத்து. பிப்ரவரி 29, சனிக்கிழமை இரவு அறிவிப்பு வந்தது. திங்கள் காலை டென்வரில் தொடங்க வேண்டிய மாநாடு, 10,000 பேருக்கு மேல் எதிர்பார்த்தார்கள். 36 மணி நேரம் என்பது இரண்டுக்கும் நடுவே கிடைத்த அவகாசம், கழகத்தின் சாதனை அல்ல. அந்த நேரத்தில் ட்விட்டரில் ஆள் பிடித்து, கூகுள் ஷீட்டில் யார் எப்போது பேசுவது என்று வரிசை போட்டு, ஜூம் இணைப்பைப் பரப்பியது ஆய்வாளர்கள்தான், மாணவர்கள் உட்பட.

மதுரை_மணி:
பெயரைச் சொல்லியே திட்டுங்கள், பரவாயில்லை. சாஃப்ட் மேட்டர் (ஜெல், நுரை போன்ற மென்மையான பொருட்களை ஆராயும்) பிரிவு ஜூமில் அமர்வு நடத்தியதா இல்லையா? அந்தப் பிரிவு கழகத்தின் பிரிவுதானே? அப்போது கழகம் நடத்தியது என்பதில் என்ன தப்பு? 36 மணி நேரம், நான் சொன்னது சொன்னதுதான்.

கருந்துளை:
பிரிவுப் பொறுப்பில் இருப்பவர்கள் சம்பளம் வாங்காத ஆய்வாளர்கள். அவர்கள் உழைப்பைத் தூக்கிக் கழகத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

லேப்வாசி:
அந்த 36 மணி நேரமே தப்பு. சனி, ஞாயிறே மாநாட்டை ஒட்டிய குறும்பாடங்கள் இருந்தன, பலர் அதற்குள் டென்வரில் இறங்கிவிட்டார்கள். சென்னையிலிருந்து போகிறவருக்கு நேரடி விமானமே இல்லை, மாறி மாறிப் போய்ச் சேர ஒரு நாள் ஆகும். அவருக்கு ஏது 36 மணி நேரம்?

மதுரை_மணி:
அமெரிக்க அரசு அந்தச் சனிக்கிழமைதானே பயண எச்சரிக்கையை உயர்த்தியது? முந்தின வாரமே ரத்து செய்ய அவர்கள் என்ன ஜோசியக்காரர்களா?

கருந்துளை:
ரத்து செய்தது சரி என்றுதான் நானும் சொல்கிறேன். கேள்வி ரத்தைப் பற்றியது இல்லை, 36 மணி நேரத்தில் வேலை செய்தது யார் என்பது. பேச்சை மாற்றாதீர்கள்.

வானதி:
கருந்துளை, ட்விட்டர் ட்விட்டர் என்கிறீர்கள். சீனாவில் ட்விட்டர் தடை. அங்கிருந்து வரவேண்டியவர்களை அமெரிக்கா பிப்ரவரி தொடக்கத்திலேயே உள்ளே விடவில்லை. டென்வரிலும் இடமில்லை, ட்விட்டரிலும் இடமில்லை. இதை மாநாடு என்று எப்படிக் கொண்டாடுகிறீர்கள்?

கருந்துளை:
ட்விட்டர் கூப்பிட்டுச் சேர்க்கத்தான், பேச்சு நடந்தது ஜூமில். அப்படியே பார்த்தாலும் ட்விட்டரில் மாநாடு நடத்துவது புதிதில்லை. கடற்பறவை ஆய்வாளர்கள் 2015-லேயே ஆளுக்கு ஆறு ட்வீட் என்று நடத்தினார்கள், அப்போது ஒரு ட்வீட்டுக்கு 140 எழுத்துதான். பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் ஆய்வை ஒரே தாளில் விளக்கும் போஸ்டரை ட்விட்டரில் படமாகப் போட்டு 24 மணி நேரம் விவாதிக்க விட்டது, கட்டணம் கிடையாது. டென்வருக்குப் போக முடியாத நம் ஊர் மாணவனுக்கு இது எவ்வளவு பெரிய வாசல் தெரியுமா? டென்வரில் காலை 8 மணி அமர்வு என்றால் இங்கே இரவு 8.30. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து கேட்கலாம், விசா நேர்காணலுக்கு அலைய வேண்டாம்.

வானதி:
கேட்கலாம், சரி. அப்புறம்? பத்து நிமிடப் பேச்சு முடிந்து வராந்தாவில் நின்று பேசுகிறோமே, வேலை கிடைப்பது அங்கேதான். அதை எந்த ஜூம் தருகிறது? நான் அப்படிப் பேசின ஆன்லைன் உரைக்கு எங்கள் நிறுவனம் கடைசி வரை மதிப்பெண் தரவில்லை, சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள்.

கருந்துளை:
அது உங்கள் நிறுவனத்தின் குறை. நடத்தினவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

மதுரை_மணி:
சான்றிதழ் யார் தருவார்? கழகம்தான். இப்போதாவது புரிகிறதா ஏன் கழகத்தின் பெயரைச் சொன்னேன் என்று?

கருந்துளை:
போன மாதம் ஆர்க்கைவ் (ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் போடும் தளம்) பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், பதில் இல்லாத இடத்தில் சான்றிதழ், பதவி என்று ஒதுங்கினீர்கள். 36 மணி நேரத்தில் அந்த ஷீட்டை யார் நிரப்பினார்கள்? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மதுரை_மணி:
ஆர்க்கைவ் விவாதத்தில் யார் பாதியில் காணாமல் போனது என்று எல்லோருக்கும் தெரியும். பழைய பதிவு அப்படியேதான் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

லேப்வாசி:
36 இல்லை என்று சொன்னேனே, அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கருந்துளை:
ரத்து அறிவிப்பிலிருந்து திங்கள் காலை வரை எண்ணிப் பாருங்கள், 36தான். மணி, ஷீட்டை யார் நிரப்பினார்கள்?