சோலார் பேட்டரி காட்டும் சதவீதத்தை எப்படிச் சரி செய்வது?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டி வீடு. 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. இரவில் இன்வெர்ட்டர் 46% காட்டும், திடீரென்று 9%க்கு விழுந்து எல்லாம் அணைந்துவிடும். பேட்டரியின் பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணிக்கும் உள் சர்க்யூட், வேறு எண் சொல்கிறது. பேட்டரியின் ஆரோக்கியம் மட்டும் 100% என்று காட்டுகிறது. இதை எப்படி நம்புவது? அம்மாவின் இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருப்பதால் ரொம்பக் கவலையாக இருக்கிறது.

இந்த வகைப் பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் பெரும்பாலும் 3.2, 3.3லேயே நிற்கும், அதை வைத்துச் சதவீதம் கணிக்க முடியாது. பிஎம்எஸ் கரண்ட்டை எண்ணித்தான் கணக்கு வைக்கிறது. முழுதாக நிரம்பினால்தான் கணக்கு நேராகும். இங்கே மழைக்காலத்தில் மதியமே இருட்டிவிடுகிறது, நிரம்புவதே அபூர்வம்.

லைன் கரண்ட்டில் 56 வோல்ட் வரை ஏற்றி எவ்வளவு நேரம் பிடித்து வைக்க வேண்டும்? அப்புறம், அணையும் நேரத்தில் 12ஆவது செல் மட்டும் 2.8 வோல்ட், மற்றவை 3.1. செல் தளர்ந்துவிட்டதா, இல்லை மற்ற செல்களோடு சமமாகச் சார்ஜ் ஆகாமல் (பேலன்ஸ் ஆகாமல்) இருக்கிறதா? இன்வெர்ட்டருக்கும் பிஎம்எஸ்ஸுக்கும் நடுவே டேட்டா கேபிள் இல்லை. அதைப் போட்டால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுமா? அனுபவம் உள்ள அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.