அகரணீயமும் விகிதமுறுவும்: எல்லை ஊர்களில் எண்களைப் பிரித்தறிந்த அனுபவங்கள்

நகரி, தனிப்பயிற்சி ஆசிரியை:

நகரியில் எட்டாம் வகுப்பு வரை தெலுங்கு வழியில் படித்துவிட்டு, திருத்தணிப் பக்கம் ஒன்பதாம் வகுப்பில் தமிழ்வழியில் சேர்ந்த ஒரு பையன் என்னிடம் மாலையில் படிக்க வருவான். தறி ஓட்டும் குடும்பம். வீட்டில் பேச்செல்லாம் தமிழ்தான். முதல் தேர்வில் √2, √5, π ஆகியவற்றை விகிதமுறு எண்கள் என்றும், 3/4, −2, 0.25 ஆகியவற்றை விகிதமுறா எண்கள் என்றும் எழுதியிருந்தான். இரண்டு முழுக்களின் (… −1, 0, 1, 2 …) விகிதமாக எழுத முடிகிற எண்தான் விகிதமுறு எண், முடியாதது விகிதமுறா எண். ஆகவே ஒன்றுகூடச் சரியில்லை. விடைத்தாளைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாடமே தெரியாத பிள்ளை குருட்டாம்போக்கில் எழுதினால் நாலில் ஒன்றாவது சரியாக விழும். இவன் எல்லாவற்றையும் ஒரே சீராகத் தலைகீழாக்கியிருந்தான்.

பழைய தெலுங்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் 3/4 போன்றவை 'அகரணீய சங்க்யலு', √2 போன்றவை 'கரணீய சங்க்யலு'. பழைய வடமொழி வடிவியலில் 'கரணி' வர்க்கமூலத்தைக் குறிக்கும்; √2 அங்கே 'த்விகரணி'. ஆகவே தெலுங்கு, மூலத்தை வைத்துப் பெயரிட்டு, மற்றதற்கு 'அ' சேர்த்தது. தமிழோ விகிதத்தை வைத்துப் பெயரிட்டு, விகிதத்துக்குள் வராததை 'உறா' என்றது. இல்லை என்ற ஒலி ஒரு மொழியில் 3/4-க்கும் மறு மொழியில் √2-க்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பையன் 'அ'வையும் 'உறா'வையும் ஜோடி சேர்த்துவிட்டான். அந்தத் தாளுக்குப் பூச்சியம் போட்டவர் ஒரு நிமிடம் அவனிடம் பேசியிருந்தால் போதும். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

இரண்டு பெயர்களையும் ஓரமாக வைக்கச் சொல்லி ஒரே கேள்வி கேட்டேன்: இதை, கீழே பூச்சியம் வராமல், இரண்டு முழுக்களின் விகிதமாக எழுத முடியுமா? −2 என்பது −2/1. √9 என்பது 3/1, ஆகவே மூலக்குறியைப் பார்த்ததும் விகிதமுறா என்று எழுதிவிடக் கூடாது. எல்லாம் சரியாக வந்து, π-யில் மறுபடி தடுக்கினான். "22/7 விகிதம்தானே, மிஸ்?" நியாயமான கேள்வி. வகுத்துப் பார்த்தோம். 22/7 என்பது 3.142857142857… என்று ஓடுகிறது, π-யோ 3.14159… மூன்றாம் தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. 7-ஆல் வகுக்கும்போது மீதி 1 முதல் 6 வரைதான் வர முடியும், ஆகவே பழைய மீதி திரும்பி வந்தே தீர வேண்டும் என்பதை அவனே கண்டு சொன்னான்.

செங்கோட்டை, கல்லூரி மாணவி:

மீதி திரும்புவதைப் பற்றி நீங்கள் எழுதியது என் பத்தாம் வகுப்பை நினைவூட்டியது. 1/17-ஐக் கால்குலேட்டரில் போட்டேன்: 0.0588235294. எதுவும் திரும்பவில்லை, முடியவும் இல்லை. விகிதமுறா எண் என்று எழுதிவிட்டேன். பின்னமாகவே கொடுத்திருந்த எண்ணை! புனலூரில் படிக்கும் என் அத்தை மகள் தாளில் நீளமாக வகுத்துக் காட்டினாள்: 0588235294117647, பதினாறு இலக்கங்கள், பிறகு மீண்டும் 0588. என் கால்குலேட்டரில் அதற்கு இடமே இல்லை. பிறகு நாங்கள் 0.1010010001… என்று ஒன்றை எழுதினோம். ஒழுங்கு கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் ஒரே தொகுதி திரும்புவதில்லை. அதுதான் விகிதமுறா எண்.

π-க்கு இன்னொன்று. கேரளத்தில் திரூர்ப் பக்கத்துக் கணித அறிஞர் நீலகண்ட சோமயாஜி (பிறப்பு 1444), ஆரியபட்டரின் நூலான ஆரியபடீயத்துக்கு எழுதிய உரையில், வட்டத்தின் விட்டத்தை மீதியில்லாமல் அளக்கும் அளவுகோல் சுற்றளவில் மீதி வைக்கும் என்று எழுதினார். அதாவது π விகிதமுறா எண். ஐரோப்பியக் கணித அறிஞர் லாம்பர்ட் அதற்கு நிரூபணம் தந்தது 1761-இல்.

சித்தூர் (பாலக்காடு), ஆசாரியின் மகன்:

எங்கள் பக்கம் மலையாளத்தில் 'பின்னக சங்க்ய', 'அபின்னக சங்க்ய'. தமிழ் போகும் திசையில்தான் அதுவும் போகிறது, அதனால் பெயரில் நான் திண்டாடவில்லை. எனக்கு நடந்தது அப்பாவோடு.

பன்னிரண்டு அங்குலச் சதுரப் பலகைக்கு மூலைக்கு மூலை பதினேழு அங்குலம் என்பது அப்பாவின் கணக்கு. சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தைப் போல √2 மடங்கு என்று பள்ளியில் படித்த அன்று சரிபார்த்தேன். பக்கத்தின் வர்க்கத்தை இரட்டித்தால் மூலைவிட்டத்தின் வர்க்கம் வர வேண்டும். 12-இன் வர்க்கத்தை இரட்டித்தால் 288. 17-இன் வர்க்கம் 289. ஒன்று அதிகம். அப்பாவிடம் சொன்னபோது கோபிக்கவில்லை. "அந்த ஒன்று போகிற மாதிரி வேறு அளவு பாரேன்" என்றார்.

தேடினோம். பக்கம் 5, மூலைவிட்டம் 7: பக்க வர்க்கத்தின் இரட்டிப்பு 50, மூலைவிட்டத்தின் வர்க்கம் 49. பக்கம் 29, மூலைவிட்டம் 41: 1682, 1681. பக்கம் 70, மூலைவிட்டம் 99: 9800, 9801. ஒரு முறை ஒன்று கூடும், ஒரு முறை ஒன்று குறையும். ஏன் போகாது என்பதை இப்படிச் சொன்னேன்: எந்த வர்க்க எண்ணைப் பகாக் காரணிகளாக உடைத்தாலும் 2 இரட்டைப்படைத் தடவைதான் வரும். வர்க்கத்தை இரட்டித்தால் அது ஒற்றைப்படைத் தடவையாகிவிடும். ஒரு வர்க்கமும் இன்னொரு வர்க்கத்தின் இரட்டிப்பும் ஒரே எண்ணாக இருக்கவே முடியாது. அப்பா 36, 72 என்று தாமே உடைத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு ஏ4 தாளை எடுத்து, குறுகிய பக்கத்தை நீளப் பக்கத்தின் மேல் படியுமாறு மடித்தார். அந்த மடிப்புக் கோட்டை இன்னொரு தாளின் நீளத்தோடு வைத்தார். பொருந்தியது. 210-க்கு 297 மில்லிமீட்டர், அதாவது 70-க்கு 99. "இங்கேயும் அந்த ஒன்று இருக்கிறதா?" என்றார். இருக்கிறது, ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குக்கும் குறைவாக, என்றேன்.

பக்கத்தையும் மூலைவிட்டத்தையும் கூட்டினால் அடுத்த பக்கம், அதோடு பழைய பக்கத்தைக் கூட்டினால் அடுத்த மூலைவிட்டம் என்ற வழியையும் காட்டியிருந்தேன். மறுநாள் காலை பட்டறைப் பலகையில் அவருடைய தடித்த பென்சிலில் எழுதியிருந்தது: 169, 239. அதன் கீழே 57122, 57121.