அரோனியன்–ஆனந்த், விக் ஆன் சே 2013: இதைப் போய் மகத்தான ஆட்டம் என்பதா?

கருங்குதிரை:
ஆனந்தின் தலைசிறந்த செஸ் ஆட்டங்களில், நெதர்லாந்தின் விக் ஆன் சே போட்டியில் ஆடிய இதைச் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கறுப்பில் மெரான் என்ற ஓப்பனிங்கை (ஆட்டத் தொடக்க வழி) ஆடி 23 மூவில் அரோனியனைச் சாய்த்தார், சரி. ஆனால் அது 2012ல் ஜெல்ஃபாண்டோடு ஆடிய உலகப் பட்ட மேட்சுக்காகத் தயாரித்து வைத்த வழி. ஒருவர் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறார். எதிரே இருப்பவர் கடிகாரம் ஓட ஓடத் தனியாக யோசிக்கிறார். இது என்ன சண்டை?

பவானிவேல்:
அண்ணே, பலகையை வைத்துப் பேசுவோம். 13வது மூவில் வெள்ளைக் குதிரை ஹெச்7 கட்டத்துச் சிப்பாயை வெட்டுகிறது. திரும்ப வெட்டாமல் ஆனந்த் தன் குதிரையை ஜி4க்கு அனுப்புகிறார். 15ல் பிஷப்பை சி5ல், வெள்ளைச் சிப்பாயின் வாயிலேயே வைக்கிறார். அரோனியன் அதைத் தொடாமல் தன் பிஷப்பை இ2க்கு இழுத்தார். உடனே இன்னொரு குதிரை இ5க்கு, அதுவும் சிப்பாய் வெட்டுகிற கட்டம்! வெட்டினால் கறுப்பு ராணி டி4ல் செக், ராஜா மூலைக்கு. ராணி ஜி1ல் போய் விழும், யானை வெட்டியே ஆக வேண்டும், குதிரை எஃப்2ல் மேட். எத்தனை முறை வைத்துப் பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

கருங்குதிரை:
அழகில்லை என்று நான் சொல்லவே இல்லை தம்பி. 1907ல் லோட்ஸ் நகரில் ராட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் இதே போல இரண்டு பிஷப்பும் ராஜாவைக் குறிவைக்க, ராணியையே கொடுத்து ஜெயித்தார். அவருக்கு ஏது கம்ப்யூட்டர்? இதே விக் ஆன் சேயில் கார்ல்சன் ஓப்பனிங்கை நம்பாமலே 13 ஆட்டத்தில் 10 புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தார்.

சிப்பாய்64:
அரோனியன் மட்டும் வெறுங்கையோடு வந்தாரா என்ன? 12ல் குதிரையை ஜி5க்கு ஏவி வம்பை இழுத்ததே அவர்தான்.

பவானிவேல்:
அதேதான். ரூபின்ஸ்டைனும் ஓப்பனிங்கில் ஊறியவர். 1924ல் மெரானோ நகரில் க்ரூன்ஃபெல்டை அவர் வென்ற ஆட்டத்தால்தான் இந்த வழிக்கே மெரான் என்ற பெயர் வந்தது. முன்னோர் கண்டதை ஆராய்ந்து மேலே கொண்டுபோவதும் செஸ்தான்.

கருங்குதிரை:
அப்படியானால் 2013 நவம்பரில் சென்னையில் அந்த ஆராய்ச்சி ஏன் கைகொடுக்கவில்லை? கார்ல்சன் 6.5–3.5 என்று உலகப் பட்டத்தைக் கொண்டுபோனார். ஆனந்துக்கு ஒரு வெற்றிகூட இல்லை.

பவானிவேல்:
9வது ஆட்டத்தைப் பாருங்கள் அண்ணே. நிம்சோ-இந்தியன் என்ற ஓப்பனிங்கில் ஆனந்தின் தாக்குதல் ராஜாவின் வாசல்வரை போனது. 28ல் எஃப்1 கட்டத்தில் பிஷப்பை வைக்காமல் குதிரையை வைத்து ஆட்டத்தைக் கோட்டை விட்டார். பழுது அந்த ஒரு மூவில்தான், ஓப்பனிங்கில் இல்லை.