அம்மாவுக்கு எடை குறைந்த கலர் கத்தி, எது நல்லது?

அம்மாவுக்கு விரல் மூட்டு வலி, வீட்டிலிருக்கும் கத்தி கனம் என்பதால் கால் கிலோ வெண்டைக்காய் நறுக்குவதற்குள் கை சோர்ந்துவிடுகிறது. கூன் ரிக்கோன் கொலோரி என்ற சுவிஸ் கத்தியைப் பார்த்தேன், 4 அங்குலம், பிடியும் அலகும் ஒரே பளிச்சென்ற நிறம், உறையும் உண்டு. சிவப்போ மஞ்சளோ வாங்கினால் கீரைத்தண்டோடு குப்பைக்குப் போகாது, அது பெரிய விஷயம். ஆனால் அலகின் மேல் ஒட்டாத பூச்சு இருக்கிறதே, சாணை பிடித்தால் உரிந்து காயில் கலக்குமா? சேனைக்கிழங்குக்கெல்லாம் தாங்குமா, இல்லை தக்காளி வெங்காயத்தோடு சரியா?

இல்லையென்றால் விக்டோரினாக்ஸின் பல் வைத்த 11 செ.மீ. தக்காளிக் கத்தி, அதுவும் கலர் கலராக வருகிறது, அலகில் பூச்சு கிடையாது. அப்புறம், ஈரக்கையில் பிடி வழுக்குமா என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு வருடமாவது பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.