ரோலர் கோஸ்டர் மாடல்: லூப் உச்சியில் கோலி விழுகிறது (அவசரம்)

சாக்பீஸ்
வணக்கம். ஒன்பதாம் வகுப்பு இயக்கம் பாடத்துக்கு ரோலர் கோஸ்டர் மாடல் செய்திருக்கிறோம். ஏசி பைப்புக்குப் போடும் ஃபோம் குழாயை நீளவாக்கில் இரண்டாக வகிர்ந்து தடம் போட்டோம். சரிவில் நன்றாக ஓடுகிறது. லூப்பில் ஏறி, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கோலி தொப்பென்று விழுந்துவிடுகிறது. அப்புறம் பிள்ளைகள் அளந்த வேகம் சூத்திரத்தில் வரும் வேகத்தில் பாதிகூட இல்லை. நாளை மறுநாள் வகுப்பில் காட்ட வேண்டும். என்ன தப்பு?

மதிய ஷிப்ட்
எவ்வளவு உயரத்திலிருந்து விடுகிறீர்கள் சார்? லூப் விட்டம் எவ்வளவு? வேகத்தை எதை வைத்து அளந்தீர்கள்?

பொட்டிக்கடை
கோலி லேசு, அதுதான் காரணம். மெக்கானிக் கடையில் பழைய பேரிங்கிலிருந்து ஒரு பெரிய பால்ரஸ் வாங்கிப் போடுங்கள். கனம் இருந்தால் தம் கட்டி ஏறிவிடும்.

நியூட்டன்தாசன்
உயரம் இல்லை, விட்டம் இல்லை, "என்ன தப்பு" மட்டும் இருக்கிறது. ஆசிரியரின் கேள்வியே இப்படி என்றால் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது. லூப்பின் அடியிலிருந்து அளந்தால், ஆரத்தைப் போல இரண்டரை மடங்கு உயரம் வேண்டும். பதினொன்றாம் வகுப்புக் கணக்கு. போட்டுப் பாருங்கள், இழை முடிந்தது.

சாக்பீஸ்
சார் இல்லை, டீச்சர். உயரம் 60 செ.மீ., லூப் 40 செ.மீ. அறுபது பெரிதுதானே, ஏன் ஏறவில்லை என்றுதான் பிள்ளைகளும் கேட்கிறார்கள். கண்ணாடிக் கோலி.

மதிய ஷிப்ட்
60 எங்கிருந்து? தரையிலிருந்தா, லூப்பின் அடியிலிருந்தா?

சாக்பீஸ்
லூப் தரையில்தான் நிற்கிறது. இரண்டும் ஒன்றுதான்.

பழைய லேத்
டீச்சர், பிள்ளைகள் கேட்டது நல்ல கேள்வி. 40 செ.மீ. உயரத்துக்கு ஏற ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது. உச்சியில் தலைகீழாக இருக்கும்போதும் கோலிக்கு வேகம் மிச்சம் இருக்க வேண்டும். ஆரம் 20 செ.மீ. என்றால் அங்கே நொடிக்கு 1.4 மீட்டராவது வேண்டும். அதற்குக் கீழே போனால் தடத்தை விட்டுவிடும்.

நியூட்டன்தாசன் சொன்ன இரண்டரை மடங்கு, உராய்வே இல்லாமல் வழுக்கிப் போகும் பொருளுக்கு. கோலி உருள்கிறது. ஆற்றலில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போய்விடும். திண்மக் கோளத்துக்கு 2.7 மடங்கு. உங்கள் லூப்புக்கு 54 செ.மீ. கையில் மிச்சம் 6 செ.மீ.தான், மெத்தென்ற ஃபோம் அதை வழியிலேயே தின்றுவிடும்.

பால்ரஸ் யோசனை வேண்டாம். நிறை கணக்கில் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். கனமான உருண்டை ஃபோமில் இன்னும் ஆழமாக அழுந்தும், அவ்வளவுதான்.

பொட்டிக்கடை
கணக்கில் அடிபடும், வீட்டில் அடிபடவில்லை. என் பையனுக்குப் பால்ரஸ்தான் ஓடியது.

காற்றாடி
எடை எல்லாம் இரண்டாவது. மையவிலக்கு விசை போதவில்லை. அந்த விசைதானே கோலியைத் தடத்தோடு ஒட்ட வைக்கிறது?

நியூட்டன்தாசன்
ஐயா, மையவிலக்கு விசை என்று ஒன்று கிடையாது. மையநோக்கு விசைதான். இதைக்கூட இங்கே விளக்க வேண்டியிருக்கிறது.

காற்றாடி
கிடையாதா? இதே ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் துணி உலர்த்தும் எந்திரத்தோடு போட்டிருக்கிறான். பஸ் திருப்பத்தில் ஜன்னல் பக்கம் சாய்வது என்ன, நான் பொய்யாகச் சாய்கிறேனா?

நியூட்டன்தாசன்
நீங்கள் நேராகப் போகப் பார்க்கிறீர்கள், பஸ் திரும்புகிறது. அது போலி விசை.

மதிய ஷிப்ட்
இரண்டு பேரும் சரி. பஸ்ஸுக்குள் இருந்து கணக்குப் போட்டால் அந்த விசை வேண்டும், ரோட்டில் நின்று போட்டால் வேண்டாம். டீச்சருக்கு நாளை மறுநாள் வகுப்பு, கொஞ்சம் விடுங்கள்.

காற்றாடி
அப்படி என்றால் "கிடையாது" என்று சொல்லக்கூடாது.

மதிய ஷிப்ட்
டீச்சர், வேகத்தை எப்படி அளந்தீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

சாக்பீஸ்
மொபைல் ஸ்டாப்வாட்ச். சரிவு 180 செ.மீ., 1.3 நொடி. நொடிக்கு 1.4 மீட்டர் வருகிறது. சூத்திரத்தில் 3.4.

மதிய ஷிப்ட்
உங்கள் அளவில் பெரிய தப்பு இல்லை. 1.4 என்பது சரிவு முழுவதற்குமான சராசரி வேகம். சரிவு நேராக இருந்து, கோலி ஓய்விலிருந்து சீராக முடுக்கப்பட்டால், அடியில் இருக்கும் வேகம் அதைப் போல இரண்டு மடங்கு, கிட்டத்தட்ட 2.8. சூத்திரத்தில் வந்த 3.4 வழுக்கும் பொருளுக்கு. உருளும் கோலிக்கு 2.9. அளந்ததும் கணக்கும் எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டன பாருங்கள். பாடத்தில் சராசரி வேகத்துக்கும் கணநேர வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் கண்ணில் படும்.

ஆனாலும் ஸ்டாப்வாட்சை நம்பாதீர்கள். விரல் அழுத்தும் தாமதமே 0.2 நொடி வரும், 1.3 நொடியில் அது பெரிய பங்கு. மொபைலில் நொடிக்கு 240 பிரேம் ஸ்லோ மோஷன் இருந்தால், லூப்புக்கு முன்னால் 30 செ.மீ. சமதளமாக விட்டு, ஸ்கேலை ஒட்டி வைத்துப் படம் பிடியுங்கள். அந்த 30 செ.மீ.யைக் கடக்க எத்தனை பிரேம் என்று பிள்ளைகள் எண்ணட்டும். 26 பக்கத்தில் வர வேண்டும்.

பழைய லேத்
லூப்பைச் சின்னதாக்குங்கள். விட்டம் 30 செ.மீ. என்றால் 41 செ.மீ. உயரமே போதும், இழப்புக்கு 19 செ.மீ. கிடைக்கும். அடுத்தது, லூப் ஆடுகிறதா? கோலி ஏறும்போது ஃபோம் வெளிப்பக்கம் பிதுங்கினால் ஆற்றல் அங்கே போய்விடும். இரண்டு நாற்காலிக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் உச்சியிலும் டேப் போட்டு இறுக்குங்கள். துண்டுகள் சேரும் இடத்தில் காதை வைத்துக் கேளுங்கள். "டக்" என்று சத்தம் வந்தால் கோலி அங்கே இடறுகிறது. மேல் துண்டின் நுனி கீழ்த் துண்டை விட ஒரு நூல் உயரமாக இருக்கலாம், தாழ்ந்திருக்கக் கூடாது. டேப்பை உட்பக்கம் ஒட்டியிருந்தால் பிய்த்துவிட்டு அடியில் ஒட்டுங்கள்.

காற்றாடி
நிஜ ரோலர் கோஸ்டரில் லூப் வட்டமாகவே இருக்காது, கண்ணீர்த் துளி மாதிரி இருக்கும். 1895-ல் நியூயார்க் கோனி ஐலண்டில் ஃபிளிப் ஃபிளாப் என்று முழு வட்டமாக ஒன்று கட்டினார்கள், ஏறியவர்களுக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். டீச்சரும் துளி வடிவில் செய்யலாமே?

பழைய லேத்
செய்யலாம், பலனும் இருக்கும். உச்சியில் ஆரம் குறைவதால் குறைந்த வேகமே போதும். முதலில் வட்டம் ஓடட்டும்.

நியூட்டன்தாசன்
நிஜ ரயிலில் தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் உண்டு, கழன்று விழாது. கோலியோடு ஒப்பிடுவதே தவறு. 2.7-ஐ நான் மறுக்கவில்லை, ஒன்பதாம் வகுப்புக்கு அது தேவையில்லை என்றுதான் விட்டேன்.

சாக்பீஸ்
30 ஆக்கி டேப் போட்டோம். ஓடுகிறது. நன்றி எல்லோருக்கும்.

மதிய ஷிப்ட்
வீடியோவில் எத்தனை பிரேம் வந்தது டீச்சர்?

பொட்டிக்கடை
பால்ரஸ் போட்டுப் பார்த்தீர்களா?

வெள்ளிக்கிழமை
தாமதமாக வருகிறேன். அந்த ஃபோம் குழாய் எந்தக் கடையில் கிடைக்கும்? ஹார்டுவேர் கடையில் கேட்டால் தலையைச் சொறிகிறார்கள்.

பழைய லேத்
ஏசி சர்வீஸ் செய்பவரிடம் கேளுங்கள் தம்பி. வெட்டியது போக மிச்சத் துண்டுகளைச் சும்மாவே கொடுப்பார்கள்.